பற்றற்கு அரியது: ‘இம்ப்ரெக்னபிள்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளும் அது மறைக்கும் கேள்வியும்

‘இம்ப்ரெக்னபிள்’ என்ற ஆங்கிலப் பெயரடைக்கு நம்மிடம் வழங்கும் தமிழ்ச் சொற்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஓர் உண்மை உடனே தெரியும். அசைக்க முடியாத, தகர்க்க முடியாத, ஊடுருவ முடியாத, வெல்ல முடியாத, நெருங்க முடியாத என்று ஐந்து தொடர்களையாவது மொழிபெயர்ப்புகளில் பார்க்கலாம். அசைத்தல், தகர்த்தல், ஊடுருவுதல், வெல்லுதல், நெருங்குதல் ஆகிய ஐந்தும் வெவ்வேறு செயல்கள். ஒரு சுவரைத் தகர்க்காமலே அதற்குள் ஊடுருவலாம், நெருங்கிய பிறகும் வெல்ல முடியாமல் திரும்பலாம். ஆனால் ஆங்கிலச் சொல்லின் உள்ளே இருக்கும் வினை இந்த ஐந்தில் ஒன்றுமே இல்லை. அங்கே இருப்பது ‘பிடித்தல்’ என்ற எளிய வினை.

பழைய பிரெஞ்சு மொழியின் ‘ப்ராந்த்ர்’ என்ற வினைக்கு எடுத்தல், பிடித்தல் என்று பொருள். அதற்கும் மூலம் லத்தீனின் ‘ப்ரெஹெண்டெரே’. பிடிக்கத்தக்கது ‘ப்ரனாப்ல்’ ஆயிற்று, பிடிக்க இயலாதது ‘அம்ப்ரனாப்ல்’ ஆயிற்று. 15-ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதில் ‘ஜி’ என்ற எழுத்து இல்லை. ‘ரெயின்’ (ஆட்சி) போன்ற சொற்களில் ஒலிக்காமலே எழுதப்படும் ‘ஜி’யைப் பார்த்து, அதே பாங்கில் இங்கும் அது பிற்காலத்தில் நுழைந்தது என்று சொல்லாய்வாளர்கள் கருதுகிறார்கள். நுழைந்த எழுத்து மெல்ல ஒலிக்கவும் தொடங்கி, இன்றைய வடிவம் நிலைத்துவிட்டது.

இதே வேரிலிருந்து கிளைத்த சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம். சிறையைக் குறிக்கும் ‘ப்ரிசன்’, எதிர்பாராத தாக்குதலையும் வியப்பையும் குறிக்கும் ‘சர்ப்ரைஸ்’, கைதுசெய்தலையும் அச்சத்தையும் குறிக்கும் ‘அப்ரிஹெண்ட்’, புரிந்துகொள்ளுதலைக் குறிக்கும் ‘காம்ப்ரிஹெண்ட்’ ஆகிய எல்லாவற்றுக்குள்ளும் ஒரு கை நீண்டு எதையோ பற்றுகிறது. தமிழருக்கு இது விளங்காத செய்தி அல்ல. திருடன் பிடிபட்டான் என்கிறோம், கணக்கின் சூட்சுமம் பிடிபட்டது என்றும் சொல்கிறோம். கையால் பிடிப்பதிலிருந்து மனத்தால் பிடிப்பதற்கு நகரும் அந்தப் பாதையை இரண்டு மொழிகளும் தனித்தனியே கண்டடைந்திருக்கின்றன.

கருவுற்ற நிலையைச் சொல்லும் ‘ப்ரெக்னண்ட்’ என்ற சொல்லோடு இதற்கு உறவு இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். எழுத்து ஒத்திருப்பதைத் தவிர வேறு உறவு கிடையாது. அந்தச் சொல் லத்தீனில் வேறொரு வழியாக வந்தது. இருப்பினும் ‘இம்ப்ரெக்னேட்’, அதாவது கருவுறச்செய்தல் அல்லது ஒரு பொருளுக்குள் திரவத்தை ஊறவைத்தல், என்ற வினையிலிருந்து ‘ஊறவைக்கத்தக்க’ என்ற பொருளில் இன்னொரு ‘இம்ப்ரெக்னபிள்’ ஆங்கில அகராதிகளில் தனிச் சொல்லாகவே இடம்பெற்றிருக்கிறது. ஒன்று எதையும் உள்ளே விடாதது, மற்றொன்று உள்ளே விடுவது. இரண்டுக்கும் எழுத்தும் ஒலியும் ஒன்றே. இந்தக் காரணத்தால்தான் ஆங்கிலத்தை இயல்பாக எழுதுபவர்கள் இச்சொல்லை ஆட்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அடைமொழியாக வைப்பதைத் தவிர்க்கிறார்கள். கோட்டை, அரண், நிலை, தடுப்பாட்டம், வாதம், முன்னிலை ஆகியவையே இதற்குப் பழகிய துணைகள்.

இச்சொல்லுக்கு இரண்டு நெருங்கிய உறவினர்கள் உண்டு, தமிழில் எழுதும்போது மூன்றையும் ஒன்றாக்கிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது. ‘இன்வின்சிபிள்’ என்பதற்குள் வெல்லுதல் இருக்கிறது. அது படைக்கும் வீரனுக்கும் உரியது. ‘இன்வல்னரபிள்’ என்பதற்குள் காயம் இருக்கிறது. அது உடலுக்கு உரியது, உடலிலிருந்து மனத்துக்கும் சென்றது. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தின் முதல் காட்சியில் இறந்த மன்னனின் ஆவியைக் காவலர்கள் ஆயுதத்தால் அடிக்க முயன்று தோற்றபின், அது காற்றைப் போல ஊறுபடாதது என்று சொல்லும் இடத்தில் வருவது இந்தக் கடைசிச் சொல்தான். அங்கே மற்ற இரண்டும் பொருந்தா, ஏனென்றால் ஆவி யாரோடும் போரிடவும் இல்லை, எந்த இடத்தையும் காத்து நிற்கவும் இல்லை. அடி அதன்மேல் படவில்லை, அவ்வளவுதான். ரோமானியச் சிந்தனையாளர் செனெகா இதையே இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். அடிபடாதது ஊறுபடாதது ஆகாது, அடிபட்டும் புண்படாததே ஊறுபடாதது என்பது அவர் கருத்து.

‘ஊறு’ என்ற நம் சொல்லை இந்த இடத்தில் நான் விரும்பியே பயன்படுத்துகிறேன். வள்ளுவர் ஐம்புலன்களை எண்ணும்போது ‘சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம்’ என்று தொடு உணர்வுக்கு இச்சொல்லை வைக்கிறார். அதே நூலில் வேறோர் இடத்தில் அது இடையூறு என்ற பொருளில் வருகிறது. தொடுதலும் தீங்கும் ஒரே சொல்லில் அடங்கிய இந்த அமைப்பு, ‘இன்வல்னரபிள்’ என்பதற்கு ‘ஊறுபடாத’ என்பதைப் பொருத்தமான இணையாக்குகிறது. வழக்கில் அருகிவிட்டாலும் மீட்டெடுக்கத் தகுந்த தொடர் அது.

இனி இலக்கணத்துக்கு வருவோம், ஏனெனில் சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘ஏபிள்’ என்ற ஈறு எந்த வினையையும் பண்பாக மாற்றிவிடும். பிடிக்க முயன்றவர் யார், எந்தக் கருவியோடு வந்தார், எத்தனை நாள் முயன்றார் என்ற விவரங்கள் அந்த மாற்றத்தில் மறைந்து, கருங்கல்லின் நிறத்தைப் போலக் கோட்டைக்கே உரிய ஓர் இயல்பாக அது தோன்றத் தொடங்கும். தமிழில் அப்படியொரு பொது ஈறு இல்லை. நாம் ஒரு வினையைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். தேர்ந்தபின் ‘பிடிபடாத’ என்பதா, ‘பிடிக்க முடியாத’ என்பதா, ‘பிடித்தற்கு அரிய’ என்பதா என்று இன்னொரு முறையும் தேர வேண்டும். இந்த மூன்றும் ஒன்றல்ல. முதலாவது இதுவரை நடந்ததைச் சொல்கிறது. இரண்டாவது இனி நடக்கப்போவதற்கும் உறுதி கொடுக்கிறது. மூன்றாவதில் உள்ள ‘அரிது’ கடினம் என்பதிலிருந்து இயலாது என்பதுவரை நீளக்கூடியது. எந்த எல்லையில் நிற்கிறது என்பதைச் சூழல்தான் காட்ட வேண்டும். ஒரு தொகுதியில் ஒரு கட்சி நான்கு முறை தோற்காமல் இருந்தால் அது தோற்கடிக்கப்படாத கட்சி. மறுநாள் தலைப்பில் அதே தொகுதி ‘தகர்க்க முடியாத கோட்டை’ ஆகிவிடுகிறது. முதல் தொடரிலிருந்து இரண்டாவதற்குத் தாவும்போது எழுதுபவர் புதிய தகவல் எதையும் சேர்க்கவில்லை, ஆனால் கூற்றின் கனம் பல மடங்கு கூடிவிட்டது.

வடமொழியும் இந்த வேறுபாட்டைக் கவனமாகக் காத்திருக்கிறது. ‘அஜித’ என்றால் வெல்லப்படாதவன், ‘அஜேய’ என்றால் வெல்லப்பட இயலாதவன். அயோத்தி என்ற ஊர்ப்பெயரே போரிட்டு வெல்ல இயலாதது என்ற பொருளில் அமைந்தது. மலைக்கோட்டைக்கு நாம் வழங்கும் ‘துர்க்கம்’ என்பதும் செல்லுதற்கு அரியது என்று விரியும். பல்லவ மரபின் கடைசி மன்னனுக்கு அபராஜிதன் என்று பெயர். தோற்கடிக்கப்படாதவன் என்பது அதன் பொருள். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் ஆதித்த சோழனின் கையில் அவன் வீழ்ந்து, தொண்டை மண்டலம் சோழர் வசமானது. பெயர் சூட்டியவர்கள் பொய் சொல்லவில்லை, அந்த நாள்வரை அது மெய்யாகவே இருந்தது.

ஆங்கிலச் சொல்லின் வேரில் உள்ள ‘பிடித்தல்’ என்ற வினையை அப்படியே வைத்துக்கொண்டு, ஆங்கிலம் மறைக்கும் விவரங்களையும் கூடவே சொல்லும் ஒரு வரையறை தமிழில் இருக்கிறது என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி. திருக்குறளின் அரண் அதிகாரத்தில் ‘முற்றியும் முற்றாது எறிந்தும் அறைப்படுத்தும் பற்றற்கு அரியது அரண்’ என்று வருகிறது. ‘பற்றற்கு அரியது’ என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் அது ‘இம்ப்ரெக்னபிள்’ என்பதேதான், வேர்ப்பொருள் உட்பட. ஆனால் குறள் அதோடு நிற்கவில்லை. நாற்புறமும் சூழ்ந்து முற்றுகையிட்டும், சூழாமல் ஓரிடத்தில் பாய்ந்து தாக்கியும், உள்ளே இருப்பவர்களைக் கீழறுத்துக் கதவைத் திறக்கச் செய்தும் பற்ற முடியாதது என்று மூன்று வழிகளையும் பெயர் சொல்லி எண்ணுகிறது. அதே அதிகாரத்தின் இன்னொரு குறள், பிறரால் கொள்ளுதற்கு அரியதாய் இருப்பதோடு உள்ளே போதிய உணவும், உள்ளே நிற்பவர்களுக்கு நிலைத்திருக்க வசதியும் வேண்டும் என்கிறது. அதிகாரத்தை முடிக்கும் குறள், எவ்வளவு மாட்சி உடையதாயினும் செயல்திறம் இல்லாதவரிடத்தில் அரண் என்று ஒன்று இல்லை என்று அறுதியிடுகிறது.

இந்த மூன்று குறள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 1942-இன் சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் ‘இம்ப்ரெக்னபிள்’ என்ற சொல் அந்தத் தீவோடு ஒட்டிக்கொண்ட அளவுக்கு வேறெந்த இடத்தோடும் ஒட்டிக்கொண்டதாக நான் நினைக்கவில்லை. செம்பவாங்கில் பெரும் பொருட்செலவில் கடற்படைத் தளம் கட்டி 1938-இல் திறந்த பிரிட்டிஷ் அரசு, அதைக் கிழக்கின் ஜிப்ரால்டர் என்றும் பற்ற முடியாத கோட்டை என்றும் உலகுக்கு அறிவித்தது. சாங்கியில் மூன்றும் போனா விஸ்டாவில் இரண்டுமாக 15 அங்குல விட்டமுள்ள ஐந்து பெரும் பீரங்கிகள் கடலை எதிர்நோக்கி நின்றன. நாளேடுகள் அந்த அடைமொழியைத் திரும்பத் திரும்ப அச்சிட்டன, மக்களும் நம்பினார்கள்.

அந்தச் சொல்லுக்குள் சொல்லப்படாமல் இருந்தது இதுதான்: கடல்வழியே, போர்க்கப்பல்களோடு வரும் எதிரியால் பற்ற முடியாது. ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8 அன்று வடக்கே மலாயாவின் கோத்தா பாரு கரையில் இறங்கியது. அடுத்த இரண்டு நாட்களில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரு பெரும் கப்பல்கள் விமானத் தாக்குதலில் குவாந்தான் அருகே மூழ்கின. தீபகற்பம் முழுவதையும் தரைவழியே கடந்து, பெரும்பகுதி மிதிவண்டிகளில் வந்த படை ஜனவரி இறுதியில் ஜொகூர் நீரிணையின் மறுகரையை அடைந்துவிட்டது. பீரங்கிகள் தவறான திசையைப் பார்த்து நின்றன என்று இன்றும் சொல்லப்படுவது முழு உண்மை அல்ல. அவற்றில் பலவற்றை நிலப்பக்கம் திருப்பினார்கள், சுடவும் செய்தார்கள். ஆனால் அவற்றுக்குச் சேர்த்துவைத்திருந்த குண்டுகளில் பெரும்பாலானவை கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைப்பதற்காகச் செய்யப்பட்டவை. காட்டுக்குள் பரவி வரும் காலாட்படையின் நடுவே அப்படிப்பட்ட குண்டு விழுந்தால் மண்ணில் ஆழமாகப் புதைந்துபோகும். பீரங்கி திரும்பினாலும், எந்த எதிரிக்காக அந்தக் கோட்டை கட்டப்பட்டது என்ற எண்ணம் குண்டின் வடிவத்திலேயே உறைந்திருந்தது.

தீவின் வடகரையில் அரண் ஏதும் இல்லை என்பதை ஜனவரியில்தான் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் அறிந்தார். அடிப்பாகமே இல்லாமல் ஒரு போர்க்கப்பலை நீரில் இறக்குவார்கள் என்று எப்படித் தோன்றாதோ, அப்படித்தான் இதுவும் தன் மனத்தில் தோன்றவே இல்லை என்று அவர் பின்னாளில் எழுதினார். ஒரு நாட்டின் தலைவரையே அந்தப் பெயரடை எந்த அளவுக்குக் கேள்வி கேட்காமல் வைத்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. பிப்ரவரி 8 இரவில் ஜப்பானியர் நீரிணையைக் கடந்தார்கள். அகதிகளால் நிரம்பி வழிந்த நகரில் குடிநீர்க் குழாய்கள் உடைந்து, நீர் வற்றும் நிலை வந்தது. ‘கொண்ட கூழ்த்தாகி’, அதாவது உள்ளே போதிய உணவு உடையதாகி, என்று குறள் கேட்ட நிபந்தனை அங்கே தவறியது. பிப்ரவரி 15 அன்று புக்கித் தீமாவில் ஒரு மோட்டார் ஆலைக் கட்டடத்தில் பிரிட்டிஷ் படைத்தலைவர் பெர்சிவல், ஜப்பானியப் படைத்தலைவர் யாமாஷிதாவிடம் சரணடைந்தார். தீவைத் தாக்கிய படை சுமார் 30,000 பேர், சிறைப்பட்டவர்கள் 80,000-க்கும் மேல். சரணடைந்த இந்திய வீரர்கள் இரண்டு நாள் கழித்து ஃபாரர் பூங்காவில் திரட்டப்பட்டார்கள், இந்திய தேசிய ராணுவத்தின் முதல் வடிவம் அங்கிருந்து எழுந்தது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம்–பர்மா மரண ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டார்கள். அந்த அடைமொழியை நம்பி ஊர் திரும்பாமல் இருந்த குடும்பங்களைப் பற்றி நினைக்காமல் என்னால் இந்தச் சொல்லை மொழிபெயர்க்க முடிவதில்லை.

பெல்ஜியத்தின் எபன்-எமேல் கோட்டைக்கும் இதே அடைமொழி இருந்தது. சுற்றியிருந்த பள்ளங்களும் காங்கிரீட் சுவர்களும் தரையில் வருபவர்களுக்காகக் கட்டப்பட்டவை. 1940 மே 10 விடியலில் இயந்திர ஒலியே இல்லாத கிளைடர்களில் சுமார் 80 ஜெர்மானியர் அதன் கூரைமேலேயே இறங்கினார்கள். மறுநாள் கோட்டை சரணடைந்தது.

நம் செஞ்சி வேறு வகை. ராஜகிரி மலை ஏறியவர்கள், உச்சிக்குச் சற்று முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடப்பதையும், அந்தப் பிளவின்மேல் ஒரு சிறு பாலம் போட்டிருப்பதையும் பார்த்திருப்பார்கள். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே ஒரு சிறு காவல்படையே பெரும் படையைத் தடுத்து நிற்கலாம் என்பது அங்கே நின்று கீழே பார்க்கும் எவருக்கும் விளங்கும். ஆங்கிலேயர் இதைக் கிழக்கின் டிராய் என்று அழைத்தார்கள். முகலாயப் படை 1690-இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை நீண்டது. கோட்டை கடைசியில் முகலாயர் வசமானாலும், உள்ளே இருந்த மராத்திய மன்னர் ராஜாராம் அதற்கு முன்பே தப்பிச் சென்றுவிட்டார். எட்டு ஆண்டுகள் என்ற எண்ணிக்கை அந்தக் கோட்டையின் வலிமையை எந்த அடைமொழியையும்விடத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. ‘பற்றற்கு அரியது’ என்பதில் உள்ள ‘அரியது’ செஞ்சிக்கு மிகப் பொருந்தும், ‘முடியாதது’ பொருந்தாது.

இச்சொல் முழு உண்மையாகவே நிற்கும் ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். சதுரங்கத்தில் காய்கள் குறைந்து தோற்கும் நிலையில் இருப்பவர், எதிரியின் காய்கள் உள்ளே வரவே இயலாதபடி தன் காய்களை அமைத்து ஆட்டத்தைச் சமன்செய்வதுண்டு. ஆட்டக்காரர்கள் அதைக் கோட்டை என்றே அழைக்கிறார்கள். அங்கே ‘ஊடுருவ முடியாத’ என்பதை மெய்ப்பித்துக் காட்டலாம், ஏனென்றால் எதிரியிடம் என்னென்ன காய்கள் உள்ளன, ஒவ்வொன்றும் எப்படி நகரும் என்பதெல்லாம் விதிகளால் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. கூரைமேல் கிளைடரில் இறங்க அங்கே யாராலும் முடியாது.

காவலையே தொழிலாகக் கொண்டவர்கள் இந்தப் பெயரடையை அநேகமாகத் தொடுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கோட்டைகளைக் கட்டியவரும் எதிரிக் கோட்டைகளைப் பிடித்தவருமான வோபான், ஒரு நல்ல கோட்டையை முறையாக முற்றுகையிட்டால் 48 நாட்களில் பிடித்துவிடலாம் என்று அட்டவணை போட்டார். தான் கட்டியவற்றையும் அவர் நாட்களால்தான் அளந்தார். இன்று நகைக்கடைகளில் வைக்கும் இரும்புப் பெட்டகங்களுக்கு அமெரிக்காவின் சோதனை முறையில் ‘டிஎல்-15’, ‘டிஎல்-30’ என்று தரம் கொடுக்கிறார்கள். அந்த எண்கள் நிமிடங்களைக் குறிக்கின்றன. துளைக்கும் கருவிகளோடும் பெட்டகத்தின் வரைபடத்தோடும் தேர்ந்த ஆட்கள் அதன் கதவைத் தாக்குவார்கள், 30 நிமிடம் தாங்கினால் அந்தத் தரம் கிடைக்கும். கருவி கதவின்மேல் பட்டிருக்கும் நேரம் மட்டுமே கணக்கில் சேரும். துளையூசியை மாற்றுவதற்காகக் கையை எடுத்தால் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள்.